வெயிலுக்கு ஒரு சேமக்கலம்

இப்போது கடைகளில் "சோலார் ஜெனரேட்டர்" என்ற பெயரில் ஒரு பெட்டி விற்கிறார்கள். ஆறு ஏழு கிலோ எடை, மேலே ஒரு கைப்பிடி, முன்பக்கம் பிளக் பாயிண்ட். மடித்து வைக்கிற மாதிரி ஒரு சோலார் பலகையும் கூடக் கிடைக்கும். பெயர்தான் ஜெனரேட்டர், டீசலும் இல்லை, புகையும் இல்லை. உள்ளே இருப்பது ஒரு லித்தியம் பாட்டரி, வெயிலில் வருவதை அளவாக அதில் நிரப்பும் ஒரு கருவி, பாட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் ஓர் இன்வெர்ட்டர். அவ்வளவுதான்.

என் வயது நண்பர்கள் பலர் "இதை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். பதிலுக்கு முன் அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். கதையில் பாதி பிரான்சில் நடந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால் அதை ஆசையோடு தேடிப் படித்திருக்கிறேன். மீதிப் பாதி நம் உடுமலைப் பக்கத்தில் நாம் எல்லோரும் அனுபவித்தது.

1839-ல் எத்மோன் பெக்கெரல் என்ற 19 வயதுப் பையன், பாரிசில் தன் தகப்பனாரின் ஆய்வுக்கூடத்தில், வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறப்பதைக் கண்டான். இன்றைய சோலார் பலகைக்கு அதுவே விதை. சரியாக 20 வருஷம் கழித்து, 1859-ல், காஸ்தோன் பிளாந்தே என்பவர் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் வைத்து, மின்சாரத்தை ஏற்றி இறக்கக்கூடிய முதல் பாட்டரியைச் செய்தார். பிரெஞ்சில் அதற்கு "அக்யுமுலாத்தர்" என்று பெயர். சேர்த்து வைப்பது என்று பொருள். நம் பள்ளிப் புத்தகங்களில் "சேமக்கலம்" என்று அழகாகச் சொல்லியிருப்பார்கள். இன்றும் காரிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் இருக்கும் ஈய பாட்டரி அந்த வம்சம்தான்.

மூன்றாமவர் ஒகுஸ்தேன் முஷோ, ஒரு கணக்கு வாத்தியார். பெரிய கண்ணாடிக் குடையில் வெயிலைக் குவித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, இயந்திரம் ஓட்டினார். 1878-ல் பாரிஸ் பொருட்காட்சியில் வெயிலைக் கொண்டே ஐஸ் செய்து காட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். 1882-ல் அவருடைய கூட்டாளி ஆபெல் பிஃப்ர், துயிலெரி தோட்டத்தில் வெயிலால் அச்சு இயந்திரத்தை ஓட்டி, மணிக்கு ஏறக்குறைய 500 பிரதிகள் அச்சடித்தார். இவ்வளவும் செய்தும் நிலக்கரியிடம் தோற்றுப்போனார்கள். நிலக்கரி மலிவாகிவிட்டது ஒரு காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள்: நிலக்கரியைக் குவித்து வைத்து ராத்திரியிலும் எரிக்கலாம். முஷோவின் இயந்திரம் சூரியன் மறைந்தால் நின்றுவிடும்.

அதன் பிறகு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-ல் சிலிக்கான் சோலார் செல் வந்தது. தன் மேல் விழுந்த வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. 1958-ல் விண்வெளிக்குப் போனது. 1991-ல் ஜப்பானில் சோனி நிறுவனம் லித்தியம்-அயான் பாட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கடையில் இருக்கும் பெட்டி இந்த இரண்டு வம்சமும் சம்பந்தம் செய்துகொண்டதில் பிறந்த பிள்ளை.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. அணைத் தண்ணீரும் ஒரு சேமிப்புதானே, வேண்டும்போது திறந்துவிடலாம். காடம்பாறையில் 1980-களின் கடைசியில் வந்த 400 மெகாவாட் நிலையம் இன்னும் ஒரு படி மேல். மின்சாரம் மிச்சமாகும் நேரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரை மலைமேல் ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். ஆனால் நம்மைச் சுற்றி நிற்கும் காத்தாடிகளுக்கு அப்படி வசதி இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை அடிக்கும், பிறகு ஓய்ந்துவிடும்.

2008-ல் தொடங்கிய மின்வெட்டு, 2012-ல் காற்று ஓய்ந்ததும் உச்சத்துக்குப் போனது மறந்திருக்காது. சென்னைக்கு இரண்டு மணி நேரம். நமக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். திருப்பூர் பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. விசைத்தறிக்காரர்கள் பாடு சொல்லி மாளாது.

நான் 2009-ல் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு அருகே உடுமலையில் குடியேறியிருந்தேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அது நிரம்புவதும் அதே கரண்டில்தான். ஒரு மணி நேரம் கரண்ட் வந்து இரண்டு மணி நேரம் போனால் பாட்டரி எப்படி நிரம்பும்? என் மனைவிக்கு ஆஸ்துமா. அந்த ஐப்பசியில் ஒரு நாள் பின்னிரவு மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் அணைந்துவிட்டது. மூச்சு இளைத்தது, நெபுலைசர் ஓடவில்லை. மருமகன் வேலை பார்த்த நூல் மில்லில் ஜெனரேட்டர் உண்டு. ஸ்கூட்டரில் அழைத்துப்போய், வாட்ச்மேன் அறை பிளக்கில் மாட்டி மருந்து பிடித்துத் திரும்பினார்கள். அந்த ஒரு தடவைக்குத் தேவைப்பட்ட மின்சாரம் சுமார் 30 வாட்-மணி. அரை யூனிட் பிடிக்கும் சின்னப் பெட்டியில் அதைப்போல் பத்துத் தடவைக்கு மேல் இருக்கிறது.

இப்போது மாடிகளில் சோலார் பலகைகள் பெருகிவிட்டன. 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "ஏனுங்க, மேலே இத்தனை பலகை வெச்சும் கரண்ட் போனா வீடு இருட்டாயிருதே, ஏனுங்க?" காரணம் இதுதான். மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, கரண்ட் போனதும் தானே நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் மின்சாரம் பாயும். மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பாட்டரி தனியாக வேண்டும்.

இனி கணக்கு. 500 வாட்-மணிப் பெட்டியில் கழிவு போகச் சுமார் 425 கிடைக்கும். 30 வாட் புதுவகை மின்விசிறி ஒன்று, எல்.இ.டி. விளக்கு ஒன்று, இன்டர்நெட் பெட்டி ஒன்று, மூன்றும் எட்டு மணி நேரம் ஓடும். பழைய 75 வாட் விசிறியானால் நாலரை மணி. மோட்டார், கிரைண்டர், ஏ.சி. பக்கம் போகவே கூடாது. ஒரு குதிரைச் சக்தி மோட்டார் ஓடுவதற்கே 750 வாட் கேட்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு கேட்கும். 100 வாட் பலகை நல்ல வெயில் நாளில் 350 முதல் 400 வாட்-மணி தரும். ஆடி மேகத்தில் பாதி வருவதே சந்தேகம். அப்போது வீட்டு பிளக்கிலேயே நிரப்பிக்கொள்ளலாம். பலகைதான் வெயிலில் இருக்க வேண்டும். பெட்டியை நிழலில் வையுங்கள். வாங்கும்போது "லித்தியம் அயர்ன் பாஸ்பேட்" வகைதானா என்று கேளுங்கள். அது சூட்டைத் தாங்கும், ஆயுளும் அதிகம்.

வீட்டில் இன்வெர்ட்டர் நன்றாக இருந்து, மின்வெட்டும் அரை மணிக்கு மேல் இல்லையென்றால் இந்தச் செலவு தேவையில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மருந்துக் கருவியோடு தனியாக இருக்கும் நம் போன்ற வீடுகளுக்கு இது உதவும். கடைக்குப் போகும் முன், ராத்திரியில் நிற்கவே கூடாதவை எவை என்று ஒரு காகிதத்தில் எழுதி, பக்கத்தில் வாட் கணக்கைப் போடுங்கள். எந்த அளவுப் பெட்டி போதும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.