வழிமாற்று (இணையம்)

இடம் மாறிய இணையப் பக்கத்தின் பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரியில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு வழிமாற்று. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தின் தொடக்கத்தில் '#வழிமாற்று' என்று எழுதிச் சேரவேண்டிய தலைப்பை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இடுவார்கள்.

ஊர்ப்பெயர்களுக்கு இது இன்றியமையாதது. கொடைக்கானலைக் கோடைக்கானல் என்றும், பழனியைப் பழநி என்றும் எழுதுவோர் உண்டு. 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்த திண்டுக்கல் மாவட்டத்துக்கு அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை ஆகிய பெயர்களும் இருந்தன. எந்தப் பெயரைத் தட்டினாலும் உரிய பக்கம் வரவேண்டும். 'பழனிமலை' அப்படியன்று. தண்டாயுதபாணி கோயில் குன்றுக்கும் அதே பெயர், கொடைக்கானல் அமைந்த மலைத்தொடருக்கும் அதே பெயர். ஒன்றுக்குத் திருப்பினால் மற்றதைத் தேடி வந்தவர் ஏமாறுவார். இரண்டையும் காட்டும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கமே தகும்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தெரியாது. வழங்கிக்கோ இரண்டும் வெவ்வேறு முகவரிகள். செயலி அவற்றை முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், சரியாகத் தட்டியவருக்கும் 'பக்கம் இல்லை' என்றே வரும். நீளமும் ஒரு சிக்கல். ஒகரத்தை ஒரே குறியாகப் பதிந்தால் 'கொடைக்கானல்' 11 குறிகள், யூடிஎஃப்-8 முறையில் 33 பைட்டுகள். விழுக்காட்டுக் குறியிட்ட முகவரியில் 99 எழுத்துகளாக நீளும். அத்தகைய இணைப்பை அனுப்பும்போது வால் அறுந்துபோவது எளிது.

வழிமாற்றும்போது வழங்கி உலாவிக்கு ஒரு நிலைக்குறியீட்டு எண்ணை அனுப்பும். நிலையான மாற்றத்துக்கு 301, 308. தற்காலிகத்துக்கு 302, 307. மண் சரிந்து மலைப்பாதை மூடிய நாட்களில் பேருந்து நேரப் பக்கத்தை அறிவிப்புக்குத் திருப்ப 302 போதும். 301 கொடுத்தால் உலாவி அதை நினைவில் வைத்து, பாதை திறந்த பிறகும் அறிவிப்பையே காட்டக்கூடும்.

பக்கம் கிடைக்கவில்லை என்றால் 404. வேண்டுமென்றே நீக்கியிருந்தால் 410. தொலைந்த முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளுவது தவறு: கேட்டது இல்லை என்பதுகூட வந்தவருக்குத் தெரியாமல் போகிறது. தேடல் பெட்டியோடு தமிழில் விளக்கும் 404 பக்கமே நேர்மையானது.

முகவரியைத் தொடக்கத்திலேயே யோசித்து வைத்தால் பாதி வேலை மிச்சம். எடுத்துக்காட்டாக, குறிஞ்சிச் செடி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018 பூப்புக்கான பக்கத்தின் முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல் 'குறிஞ்சி' என்று மட்டும் வைத்திருந்தால், 2030-இல் வருபவருக்கும் அதே இணைப்பு திறக்கும்.