உலா போகாத உற்சவர்கள்

பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதியில் அறுபத்துமூவர் வரும்போது நாம் பார்ப்பது பட்டு, மாலை, நகை, நடுவில் ஒரு முகம். உலோக உடல் கண்ணில் படுவதே இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இது தலைகீழ். திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் அங்கே வெறும் உலோகமாக நிற்கிறார்கள். சோழர்காலச் சிற்பி வடித்த இடுப்பு வளைவு தெரிவது அங்கேதான். திருவாலங்காட்டு நடராஜரைப் புகைப்படங்களில் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரொதான் சிவதாண்டவம் பற்றி எழுதினார். அது 1921இல் அச்சானது.

கோயில் சாமி அருங்காட்சியகத்துக்கு எப்படி வருகிறது? படையெடுப்புக்குப் பயந்து புதைத்தவை, பின்னால் வயல் உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் கிடைத்தன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அந்த வழியில் பல திருமேனிகள் அருங்காட்சியகம் சேர்ந்தன.

ஐரோப்பாவிலும் இப்படியொரு கதை உண்டு. பிரனீஸ் மலைக் கிராமத் தேவாலயங்களில் 12ஆம் நூற்றாண்டு ரோமனெஸ்க் சுவரோவியங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று விலைபோய் பாஸ்டனுக்குக் கப்பலேறியது. மிச்சமாவது தப்பட்டும் என்று 1919 முதல் 1923 வரை பார்சிலோனாக்காரர்கள் துணியைப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் ஓவியத்தோடு உரித்தெடுத்தார்கள். தாவுல் கிராமத்துக் கிறிஸ்து இப்போது பார்சிலோனா அருங்காட்சியகத்தில். ஊர்த் தேவாலயத்தில் 2013 முதல் அவரைச் சுவரில் ஒளியாக விழவைத்துக் காட்டுகிறார்கள்.

அந்த ஓவியம் சுவரைவிட்டு நகரக்கூடாதது. நம் உற்சவரோ நகர்வதற்கென்றே வார்க்கப்பட்டவர். அடுத்த முறை எழும்பூர் போனால் பீடத்தைப் பாருங்க. துளைகளும் வளையங்களும் இருக்கும். தண்டு செருகித் தூக்குவதற்கு.

அப்போ எல்லாவற்றையும் ஊருக்கே கொடுத்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் வாங்கியது. 2014இல் அவர் நாடு திரும்பினார். ஆனாலும் பாதுகாப்புக்காக கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனார். களவு பயம் இருக்கும்வரை கண்ணாடிக்கும் பூட்டுக்கும் நியாயம் உண்டு.

ஆனால் பெயர்ப்பலகையில் நூற்றாண்டும் உலோகமும் மட்டும் போதாது. எந்த ஊர், எந்தத் திருவிழா, எந்த வீதி என்பதும் வேண்டும். தாவுல்காரர்கள் வெற்றுச் சுவரையாவது காட்டுகிறார்கள். உற்சவர் வராத வீதியை நாம் எதைக் கொண்டு காட்டப்போகிறோம்?