ஊவா மலைகளில் விதையால் வந்த மரங்கள்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தினுள் நுழையும்போது மத்திய மாகாணத்தில் இருக்கிறது. வெளியே வரும்போது ஊவா மாகாணத்தில் இருக்கிறது. சுரங்கத்தின் ஒரு வாயிலில் மழையும் மறு வாயிலில் வெயிலுமாக இருப்பதைக் கண்டு வியந்த பயணிகள் பலர். அங்கிருந்து ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, ஹாலிஎல என்று வண்டி இறங்கிச் செல்லும்போது இருபுறமும் தேயிலை. தேயிலைக்கு நடுவே வெள்ளி பூசியதுபோன்ற இலைகளையுடைய உயர்ந்த மரங்கள். ஊர்களை அண்மியதும் நீலப்பூச் சொரியும் ஜக்கரண்டா, செந்தீயெனப் பூக்கும் ஸ்பாதோடியா, வேலியோரங்களில் உண்ணிச்செடி. மலைநாட்டின் இயற்கை அழகு என்று சொல்லி இவற்றை மகிழ்கிறோம். ஆனால் இவற்றுள் ஒன்றேனும் இந்த மண்ணில் தோன்றியதன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கையால் விதையாகவோ நாற்றாகவோ கடல் கடந்து வந்தது. அந்த வரவின் வரலாற்றைத்தான் நேயர்கள் இன்று கேட்கப் போகிறார்கள்.

விதையிட்டு மரம் வளர்ப்பது இந்தத் தீவுக்குப் புதிய கலையன்று. அநுராதபுரத்தில் நடப்பெற்ற அரசமரத்தின் கனியொன்றிலிருந்து எட்டு முளைகள் தோன்றின என்றும், அவை தீவின் எட்டு இடங்களில் நடப்பட்டன என்றும் மகாவம்சம் கூறுகிறது. அந்த எட்டினுள் ஒன்று சென்ற இடம் ஜம்புகோளத் துறை, அதாவது யாழ்ப்பாணக் குடாநாட்டின் சம்பில்துறை. மற்றொன்று சென்ற இடம் கதிர்காமம். அது இன்று ஊவா மாகாணத்தைச் சேர்ந்தது. பின்னும் 32 நாற்றுகள் வேறு இடங்களுக்குச் சென்றன. கடுகினும் சிறிய அரச விதையை முளைக்கவைத்துத் தொலைதூரம் கொண்டு செல்வது இன்றைய தோட்டக்காரருக்கும் எளிய வேலையன்று. அந்தக் கதையில் பக்திக்கு எத்துணை இடமுண்டோ அத்துணை இடம் நாற்றுக் கலைக்கும் உண்டு.

இனி, நடுவதற்குமுன் வெட்டியதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1817, 1818 ஆம் ஆண்டுகளில் ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது கிராமங்களும் வயல்களும் பழமரங்களும் அழிக்கப்பட்டன. அதன்பின் வந்தது கோப்பி. ஹப்புத்தளை, மடுல்சீமை, நமுனுகுலைச் சாரல்களில் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து தலைச்சுமையுடன் கால்நடையாக வந்த மக்களே அக்காட்டை வெட்டினர், அவர்களே கோப்பி விதையை நாற்றுவிட்டனர், அவர்களே நட்டனர். 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமையில் கல்லூலா என்னும் தோட்டத்தில் கோப்பி இலைகளின் அடிப்புறம் மஞ்சள் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்னும் அறிஞர் அந்த நோய்க் காளானுக்குப் பெயரிட்டார். இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பி அழிந்தது. உலகக் கோப்பியின் வரலாற்றையே மாற்றிய அந்நோய் முதன்முதலாக ஏட்டில் ஏறியது ஊவாவில்தான் என்பதை ஊவா மக்களிலும் பலர் அறியார்.

கோப்பி வீழ்ந்ததும் துரைமார்களின் கண் கொயினா மரத்தின்மேல் சென்றது. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்கு வரும் சாலையில், ஊவாப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அமைந்திருக்கும் ஹக்கலைப் பூங்காவை இன்று மலர்த்தோட்டமாக அறிகிறோம். அது 1861 இல் தொடங்கப்பட்டது மலர்களுக்காக அன்று. மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினாப் பட்டைக்காக. தென்னமெரிக்க அந்தீஸ் மலைகளிலிருந்து பெறப்பட்ட விதைகளின் வழிவந்த நாற்றுகள் அங்கே வளர்க்கப்பட்டன. தொடக்கத்தில் அரசாங்கம் கொடுக்க முன்வந்தும் அவற்றை வாங்கி நட விரும்பியோர் சிலரே. கோப்பி கைவிட்ட பின்னரோ, எல்லோரும் ஓடிவந்தனர்! 1880களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. விலை சரிந்தது, மரங்கள் பிடுங்கப்பட்டன.

இந்த வீழ்ச்சிக்குப் பின்னால் ஒரு விதைமூட்டையின் கதையும் உண்டு. பொலிவியா நாட்டைச் சேர்ந்த மனுவேல் இன்க்ரா மமானி என்னும் பழங்குடி மனிதர், சார்ல்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகரிடம் பணியாற்றியவர். எந்த மரத்தின் பட்டையில் மருந்து மிகுதி என்பதை அறிந்திருந்த அவர், பனியால் பூக்கள் கருகிய ஆண்டுகளையெல்லாம் பொறுத்திருந்து, நல்ல விதை கிடைத்தபின் அதை மலைகளைக் கடந்து கொண்டுவந்து கொடுத்தார். 1865 இல் அந்த விதை இலண்டனை அடைந்தது. ஆங்கில அரசாங்கம் அதை வாங்க மறுத்தது. ஒல்லாந்தர் ஒரு இறாத்தலளவு வாங்கி ஜாவாவில் விதைத்தனர். அதிலிருந்து எழுந்த மரங்களின் பட்டையில் மருந்துச் சத்து மிகுந்திருந்தபடியால், இலங்கைப் பட்டை போட்டியில் நிற்கவில்லை. மமானியோ மறுபடி விதை சேகரிக்கச் சென்றபோது பிடிபட்டு, சிறையில் அடியுண்டு, அதனாலேயே மாண்டார். மரத்துக்கு லெட்ஜரின் பெயர் இடப்பட்டது.

1886 ஆம் ஆண்டு ஊவாவுக்கு முக்கியமானது. அவ்வாண்டில்தான் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. பதுளை அதன் தலைநகராயிற்று. அதே ஆண்டில் பேராதனையின் கிளையாகப் பதுளையில் ஒரு தாவரவியற் பூங்கா திறக்கப்பட்டது. அப்போது பேராதனையின் பணிப்பாளராக இருந்தவர் ஹென்றி திரிமென். ஹக்கலை குளிர்மலைக்கு உரியது; ஹெனரத்கொடை ஈரமான தாழ்நிலத்துக்கு உரியது; அநுராதபுரம் உலர்நிலத்துக்கு உரியது. இடைப்பட்ட உயரமும், ஆண்டின் நடுவில் நீண்ட வறட்சியும், ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழையும் கொண்ட நிலத்துக்குப் பதுளைப் பூங்கா. ஒரு மரம் எந்த உயரத்தில், எந்த மழையில் செழிக்கும் என்பதை விதைத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஏட்டைப் பார்த்து அறிய இயலாது. இந்தக் கிளைப் பூங்காக்களின் அருமைக்கு ஹெனரத்கொடையே சான்று. பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுவந்த 70,000 றப்பர் விதைகளிலிருந்து கியூ பூங்காவில் முளைத்தவற்றுள், ஏறக்குறைய 1,900 நாற்றுகள் 1876 இல் கண்ணாடிப் பெட்டிகளில் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

இனித் தேயிலை நடுவே நிற்கும் அந்த வெள்ளியிலை மரத்துக்கு வருவோம். அதன் பெயர் கிரெவில்லியா. சிங்களத்தில் சபுக்கு என்பர். சமவெளித் தமிழர் சவுக்கு என்று அறியும் மரம் வேறு. பெயர்தான் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கிறது. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பிறந்த இம்மரம், பன்னத்தின் இலைபோன்ற தன் இளம் இலைகளின் அழகுக்காக ஐரோப்பிய வீடுகளில் சாடியில் வளர்க்கப்பட்டது. இலங்கைக்கு அது 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் அழகு மரமாகவே வந்தது. தேயிலை பரவியபோதுதான் அதன் மற்றைய குணங்கள் தெரியவந்தன. வேர் ஆழமாக இறங்கும். மேல்மண்ணில் தேயிலையோடு போட்டியிடாது. உதிரும் இலை மண்ணுக்குப் போர்வையாகும். விறகும் பலகையும் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடி ஆவணியில் ஹப்புத்தளைக் கணவாயின் வழியே மழையை இழந்து வறண்டு வீசும் கச்சான் காற்றைத் தடுக்கும். அந்த வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த நறுமணத்தைத் தருவதும் ஆகும். எனவே காற்று முற்றும் நின்றுவிடவும் கூடாது, இளஞ்செடியை முறித்துவிடவும் கூடாது.

இம்மரத்தை விதையால் வளர்ப்பதில் நுட்பம் முழுவதும் நேரத்தில் இருக்கிறது. பூ வாடியபின் உருவாகும் சிறு நெற்று பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை முதிர்ந்திராது. பழுப்பேறி இரண்டொரு நாள் தாமதித்தால் நெற்று வாய்பிளந்து, காகிதச் சிறகுடைய விதை காற்றோடு போய்விடும். பறித்த நெற்றுகளைச் சாக்கின்மேல் நிழலில் பரப்பி வெடிக்கவிட வேண்டும். விதையை நெடுநாள் வைத்திருந்தால் முளைக்கும் திறன் குன்றும். மணல் கலந்த பாத்தியில் மேலாக விதைத்து, மெல்லிய மண் தூவி, காட்டுப் பன்னத்தின் ஓலைகளைக் குத்தி நிழல் செய்து, பூவாளியால் நீர் தெளித்தால் மூன்று நான்கு வாரங்களில் முளை காணும். நான்கைந்து இலை விட்டதும் மூங்கிற் கணுக்களை அறுத்துச் செய்த குழாய்களிலே மாற்றுவார்கள். பொலித்தீன் பைகள் வருவதற்கு முந்திய காலம் அது. ஆணிவேர் வளைந்துவிட்டால் மரம் பின்னாளில் காற்றுக்குச் சாயும். ஆகவே ஆழமான குழாய் வேண்டும். பருவமழை இறங்கும்போது ஓரடி உயர நாற்று ஆயத்தமாக இருக்கும்படி மாதங்களைப் பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். இந்தக் கணக்கைத் துரை குறிப்பேட்டில் எழுதினார். கங்காணியும் நாற்றுமேடையில் குனிந்து நின்ற பெண்களும் நினைவில் வைத்திருந்தனர்.

மற்றைய அழகு மரங்களுக்கு வேறு வேறு முறை. கொன்றைக்கு விதையின் ஓடு கல்போன்றது. அரத்தால் சற்றே உராய்ந்து, அல்லது கொதித்து இறக்கிய நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் போடாவிட்டால் மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். மே மாதத்தில் சிவக்கும் மடகாஸ்கர் மரத்துக்கும் இதுவே வழி. செண்பகமோ இதற்கு நேர்மாறானது: செந்நிறச் சதையைக் கழுவி நீக்கி உடனே விதைக்க வேண்டும், காயவைத்தால் உயிர் போய்விடும். வேப்பம் விதையும் சில வாரங்களே தாங்கும். அதனால்தான் வெல்லஸ்ஸப் பக்கத்து வெப்பநிலத்தில் எளிதாக வளரும் வேம்பு, உயர்ந்த தோட்டங்களின் மாரியம்மன் கோயில்களுக்கு வருவது கடினமாயிற்று. வந்தாலும் குளிரில் செழிக்கவில்லை. இவ்வகை அறிவையெல்லாம் திரட்டி நூலாக்கியவர் மெக்மிலன். 1895 முதல் 1925 வரை பேராதனையில் பணியாற்றிய அவருடைய வெப்பநாட்டுத் தோட்டக்கலை நூல், 1910 இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. பங்களாத் தோட்டங்களின் அழகு பெரிதும் அந்நூலின் வழி வந்ததே. அந்நூலில் எழுதப்பட்டதைச் செய்து காட்டிய கைகளின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

அழகுக்காக வரவழைத்த எல்லாம் அடங்கி நின்றன என்று சொல்வதற்கில்லை. உண்ணிச்செடி 1826 இல் பேராதனைக்கு ஓர் அலங்காரச் செடியாக வந்தது. அதன் கருநீலக் கனியை உண்ட பறவைகள் விதையை நாடெங்கும் பரப்பின. இன்று அது வேரறுக்க முடியாத களை. ஊவாச் சாலையோரங்களில் பொன்போலப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தியும் மெக்சிக்கோவிலிருந்து பூவுக்காக வந்ததே. அதன் தழையை வெட்டித் தேயிலைக்கு உரமாக இடுவதால் அதை ஓரளவு மன்னிக்கலாம். ஸ்பாதோடியாவின் காகித விதை காற்றில் பறந்து, கேட்பாரற்ற ஓடைக்கரைகளிலெல்லாம் முளைக்கிறது. பின்னாளில் பத்தனை எனப்படும் புல்வெளிகளில் காடு வளர்க்கிறோம் என்று பரவலாக நடப்பட்ட டர்பன்டைன் மரமும் பைன் மரமும் ஊற்றுகளை வற்றச் செய்துவிட்டன என்பது ஊவாக் கிராமத்தாரின் நீண்ட நாளைய முறைப்பாடு. அந்தப் புல்வெளி வெறும் தரிசன்று, தனக்கென ஒரு தாவரக் குடும்பத்தை உடையது என்பதைப் பியர்சன் என்னும் ஆய்வாளர் 1899 இலேயே எழுதியிருந்தார். காலியாகக் கண்ணுக்குத் தோன்றும் இடத்திலெல்லாம் மரம் நட வேண்டும் என்ற அவசரத்துக்கு ஊவா கொடுத்த விலை சிறிதன்று.

தேயிலையும் விதையால் வந்ததே. கவாத்து இல்லாமல் விட்டால் அது வெள்ளைப் பூப் பூக்கும் மரமாக உயரும். அப்படி விதைக்கென்றே விடப்பட்ட மரங்கள் பழைய தோட்டங்களில் இருந்தன. விதைகளைத் தொட்டி நீரில் கொட்டி, அமிழ்ந்தவற்றை மட்டும் எடுத்து விதைப்பார்கள். 1950களுக்குப் பின் தெரிந்தெடுத்த செடியின் தண்டை வெட்டி நடும் முறை பரவியது; விளைச்சல் கூடியது. ஆயினும் விதைத் தேயிலையின் ஆணிவேர் தண்டுத் தேயிலைக்கு இல்லை. ஊவாவின் நீண்ட கோடையில் இவ்வேற்றுமை தெரியவரும்.

விதைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. கிரெவில்லியா இத்தீவுக்கு வருவதற்கு ஒரு தலைமுறை முன்னரே அவர்கள் இங்கு வந்துவிட்டனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோரைப் பற்றிய முடிவு 1974 இல் வந்தது. இங்கேயே நின்றுவிட்டவர்களின் குடியுரிமை முழுமையாகத் தீர்க்கப்பட 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கப்பலேறியவர்களுள் பலர் நீலகிரியை அடைந்தனர். தாயகம் திரும்பியோருக்கென 1968 இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருந்தன. அங்கும் தேயிலை நிரைகளின் நடுவே நின்றது அதே அவுஸ்திரேலிய மரம். அதன் நெற்று எப்போது பழுப்பேறும், எத்தனை நாளுக்குள் பறிக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.