பகுதி மீட்பும் நினைவும்: ஓர் ஆய்வு வரலாறு

கற்றவற்றுள் ஒரு பகுதியை நினைவுகூர்ந்தால் எஞ்சியதும் அதனைத் தொடர்ந்து வரும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை ஆய்வுக்களத்தில் எவ்வாறு திருத்தம் பெற்றது என்பதைச் சுருக்கமாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1968இல் நார்மன் ஸ்லமெக்கா, மனனம் செய்யப்பட்ட சொற்பட்டியலின் ஒரு பகுதியைச் சிலருக்குக் குறிப்பாகத் தந்தார். குறிப்புப் பெற்றோர் எஞ்சிய சொற்களைக் கூறுவதில், குறிப்புப் பெறாதோரைவிடப் பின்தங்கினர். துணையாக வேண்டியது தடையாயிற்று.

1994இல் மைக்கேல் ஆண்டர்சன், ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் ஆகிய மூவரும் 'பழம் - ஆரஞ்சு' போன்ற இணைகளைக் கற்பித்தனர். பின்னர்ச் சில வகைகளில் பாதிச் சொற்களை மட்டும், முதலெழுத்துகளைக் காட்டி, மீட்கச் செய்தனர். 20 நிமிடங்களுக்குப்பின் சோதித்தபோது, மீட்கப்பட்ட சொற்கள் வலுப்பெற்றிருந்தன. அதே வகையில் மீட்கப்படாது விடப்பட்டவையோ, பயிற்சியே பெறாத வகைகளின் சொற்களைவிடவும் நலிந்திருந்தன. ஒன்றை மீட்கும்போது அதனோடு போட்டியிடும் பிற சொற்கள் அடக்கப்படுகின்றன என்பது அவர்தம் விளக்கம். இவ்விளக்கம் குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. விளைவு பலமுறை உறுதி செய்யப்பட்டுள்ளது.

எனினும் பகுதி மீட்பு எப்போதும் கேடு விளைப்பதன்று. 2006இல் ஜேசன் சான், கேத்லீன் மெக்டெர்மாட், ஹென்றி ரோடிகர் ஆகியோர் தொடர்புடைய உரைப்பகுதியைப் படிக்கச் செய்து, சில செய்திகளைப் பற்றி மட்டும் வினவினர். ஒரு நாள் கழித்து, வினவப்படாத தொடர்புடைய செய்திகளும் கூடுதலாக நினைவிற்கு வந்தன. தனித்தனியே நிற்பவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. பொருளால் பிணைந்தவை ஒன்றையொன்று தாங்குகின்றன எனலாம்.

மொழியியலார்க்கு இது நேரடித் தொடர்புடையது. பெஞ்சமின் லெவியும் பிறரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானியம் கற்கத் தொடங்கிய ஆங்கிலத்தார் படங்களின் பெயர்களை ஸ்பானியத்தில் பன்முறை கூறினர். அதன்பின் அவற்றின் ஆங்கிலச் சொல்வடிவங்களை மீட்பது அவர்களுக்குக் கடினமாயிற்று. 2012இல் ருன்குவிஸ்ட், கோஸ்டா ஆகியோரின் ஆய்வில் இவ்விளைவு காணப்படவில்லை. எனவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

ஆயினும் மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்கத் தக்கது ஒன்றுண்டு. கலைச்சொற் பட்டியலிலிருந்து 'பண்பாடு' என்னும் ஒரே நிகரனையே நாளும் மீட்பவருக்கு, 'மரபு', 'வழக்கம்', 'வாழ்வியல்' என்பன உரிய இடத்தில் தோன்றாமற் போகக்கூடும். அவற்றை வேறுபாடு விளங்கும் தொடர்களில் இணைத்துப் பயின்றால், ஒன்று மற்றொன்றை அழைத்துவரவும் கூடும். சொற்களஞ்சியத்தைக் காப்பது சொற்களின் எண்ணிக்கை மட்டுமன்று. அவற்றிடையே நாம் அமைக்கும் உறவுமாகும்.