அறுபது ராத்தல் சுமை

1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு முதன்முறையாக வேட்டைக்குப் புறப்பட்ட ஐரோப்பியரும் அமெரிக்கரும், எதைக் கட்டி எடுத்துச் செல்வது, எதை வீட்டிலேயே விட்டுச் செல்வது என்பதை அறிய லண்டன் கடைகளின் விலைப்பட்டியல்களையும் முன்னே சென்று வந்தவர்களின் நூல்களையும் புரட்டினர் என்றாலும், அந்தக் கேள்விக்கு முடிவான விடையைத் தந்தது ஓர் எடை அளவே ஆகும். சுவாஹிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் ‘சஃபாரி’ என்னும் சொல்லால் வழங்கிய அந்த நெடும்பயணத்தில் கூடாரமும் தோட்டாப் பெட்டியும் மாவு மூட்டையும் 60 ராத்தல், அதாவது ஏறத்தாழ 27 கிலோ எடைக்குள் அடங்கும்படி தனித்தனிப் பொதிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு மனிதர் தலையிலோ தோளிலோ ஏற்றிக்கொண்டு நாள்தோறும் நடப்பதற்கு உரிய சுமை அவ்வளவுதான் என்று வழக்கம் வகுத்திருந்தது. துப்பாக்கியைப் பற்றியும் சிங்கத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசும் வேட்டை நூல்கள், அந்தப் பயணத்தையே தாங்கி நின்ற கழுத்துகளைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் அதே நூல்களில் உள்ள ஆயத்தப் பட்டியல்களை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு படித்தால் ஒவ்வொரு வரியின் அடியிலும் சுமந்தவரின் கணக்கு தெரியும்.

வண்டியும் பொதிமாடும் இருக்க மனிதர் ஏன் சுமந்தனர் என்பதற்கு ஓர் ஈ காரணமாக இருந்தது. ட்செட்சி என்னும் அந்த ஈ கடித்த மாடும் குதிரையும் உடல் மெலிந்து மடிந்தன. ‘நகானா’ எனப்பட்ட அந்த நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை 1890களில் சூலு நாட்டில் டேவிட் புரூஸ் என்னும் ராணுவ மருத்துவர் கண்டறிந்தார். காரணம் தெரிவதற்கு வெகு காலம் முன்பே விளைவை மக்கள் அறிந்திருந்தனர். ஆகவே உள்நாட்டிலிருந்து யானைத் தந்தத்தைக் கடற்கரைக்கும், கடற்கரையிலிருந்து துணியையும் மணிகளையும் உள்நாட்டுக்கும் மனிதரே சுமந்தனர். இன்றைய தான்சானியாவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த நியாம்வேசி மக்களிடையே சுமை தூக்குதல் மதிப்புள்ள தொழிலாக வளர்ந்தது. கடற்கரைவரை ஒருமுறையேனும் சென்று மீண்டவனே முழு ஆண்மகன் என்று கருதப்பட்டான். நியாம்வேசியர் பொதியைத் தோளில் ஏற்றினர். கடற்கரைச் சுவாஹிலியர் தலையில் வைத்தனர். கிக்கூயு மக்கள் நெற்றியில் வார் மாட்டி முதுகில் தொங்கவிட்டனர். பொதி கட்டும் முறையும் அதற்கேற்ப மாறியது. கடற்கரையில் கூலிக்கு அமர்த்தப்பட்ட சுமையாளர்களுள் சிலர் அடிமைகள் என்பதும், அவர்களுடைய கூலியில் ஒரு பங்கை எசமானர்கள் எடுத்துக்கொண்டனர் என்பதும் இந்த வரலாற்றிலிருந்து நீக்க முடியாத செய்திகள்.

வேட்டைப் பயணத்துக்கு முன்னோடியான இந்த வணிகப் பயணங்களில் ஆயத்தம் என்பது பெரும்பாலும் பணத்தைப் பொதியாகக் கட்டுவதே ஆகும். நாணயம் செல்லாத உள்நாட்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ‘மெரிக்கானி’ என்னும் வெளுக்காத பருத்தித் துணியும், இந்தியாவிலிருந்து வந்த ‘கனிக்கி’ என்னும் நீலச்சாயத் துணியும், கண்ணாடி மணிகளும், பித்தளைக் கம்பியுமே செலாவணியாக இருந்தன. இவற்றைச் சான்சிபார் தீவில் விற்றவர்களிலும் கடன் கொடுத்தவர்களிலும் கட்ச் பகுதியிலிருந்து சென்ற இந்திய வணிகர்கள் முன்னின்றனர். 1871இல் ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டனைத் தேடிப் புறப்பட்ட செய்தியாளர் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி, எந்த ஊரில் எந்த நிற மணி செல்லும் என்பதைக் கேட்டறிவதற்கே பெரும்பாடு பட்டார். ஓரிடத்தில் பொன்னாக மதிக்கப்பட்ட சிவப்பு மணியை அடுத்த நாட்டில் எவரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள், அங்கே அந்தப் பொதி வெறும் பாரம்தான். 1883இல் மசாய் நாட்டின் வழியே சென்ற ஜோசப் தாம்சன், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் உள்ள தவேட்டாவை அடைந்த பிறகு, மசாய் மக்கள் தாம் ஏற்கும் நீளத்தில் கோக்கப்பட்ட சரமாக இருந்தாலன்றி மணிகளைத் தொடமாட்டார்கள் என்று அறிந்தார். அதனால் பயணத்தை நிறுத்தி, சுமையாளர் அனைவரும் உட்கார்ந்து பதினாயிரக்கணக்கான சரங்களைக் கோக்க நேர்ந்தது.

1896இல் மொம்பாசாவில் தொடங்கிய உகாண்டா ரயில்பாதை 1899இல் நைரோபியையும் 1901இல் விக்டோரியா ஏரியையும் எட்டியபோது மணிப் பொதிகளுக்குத் தேவை குறைந்து, வேட்டைக்காகவே செய்யப்படும் பயணத்துக்கு வழி திறந்தது. அந்தப் பாதையை இட்டவர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுசெல்லப்பட்ட ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள். அவர்களுள் சுமார் 2,500 பேர் உயிரிழந்தனர். பாதையோரத்தில் அலிதினா விஸ்ராம் முதலிய குஜராத்தி வணிகர்கள் ‘டுக்கா’ எனப்பட்ட சிறு கடைகளைத் திறந்ததனால், சீனியும் மண்ணெண்ணெயும் துணியும் நடுக்காட்டை ஒட்டியே கிடைக்கத் தொடங்கின. இந்தியத் தையற்காரர்கள் காக்கிச் சட்டையையும் கால்சட்டையையும் அளவெடுத்து விரைந்து தைத்துக் கொடுத்தனர். எனவே லண்டனில் பெருஞ்செலவில் உடை தைத்துக்கொண்டு வருவது வீண் என்று பழகியவர்கள் புதியவர்களுக்கு எடுத்துரைத்தனர். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் 1920 வரை வழங்கிய நாணயமும் இந்திய ரூபாயே; 15 ரூபாய்க்கு ஒரு பவுன் என்பது மாற்று விகிதம்.

நைரோபியில் விக்டர் நியூலண்ட், லெஸ்லி டார்ல்டன் என்னும் ஆஸ்திரேலியர் இருவர் நடத்திய ‘நியூலண்ட் அண்டு டார்ல்டன்’ நிறுவனம், ஆள் சேர்ப்பதிலிருந்து தந்தத்தைக் கப்பலேற்றுவதுவரை அனைத்தையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டு, ஆயத்தத்தைத் தனித்தொழிலாக்கியது. தலைவனாக ஒருவர், ‘அஸ்காரி’ எனப்பட்ட காவலர்கள், துப்பாக்கி ஏந்துவோர், சமையற்காரர், கூடாரப் பணியாளர், இந்தியாவில் வழங்கியதைப் போலவே ‘சயிஸ்’ என்று அழைக்கப்பட்ட குதிரைக்காரர், இவர்களுக்குப் பின்னால் நீண்ட வரிசையாகச் சுமையாளர்கள் என்று அணி அமைந்தது. வேட்டைக்காரர் கொண்டுவர வேண்டியவை துப்பாக்கிகளும் தோட்டாக்களும் மூக்குக்கண்ணாடியும் தமக்குப் பொருந்தும் காலணிகளும்தான், மற்றவற்றை நைரோபியிலேயே பெறலாம் என்ற நிலை சில ஆண்டுகளிலேயே உருவாயிற்று.

ஆயினும் புதியவர்கள் மிகுதியாகவே கொண்டுவந்தனர். அதற்கு அச்சமே முதற்காரணம் எனலாம். வெப்பமண்டல வெயிலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் மூளையையும் முதுகெலும்பையும் தாக்கும் என்று அக்காலத்து மருத்துவர்கள் நம்பியதால், நெட்டியால் செய்த கனத்த தொப்பியும் முதுகுத்தண்டின் மேல் பட்டையாகத் தைத்த பஞ்சுத் திண்டும் இன்றியமையாதவையாகக் கருதப்பட்டன. பிற்காலத்தில் இந்த நம்பிக்கை மறைந்தபோது அவையும் உடன் மறைந்தன. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் காட்டிய பிறகு, நாள்தோறும் உண்ணும் கொய்னா மாத்திரையோடு கொசுவலையும், மாலையில் கணுக்காலைக் காக்கும் மெல்லிய தோல் காலணியும் பட்டியலில் சேர்ந்தன. இந்த மூன்றும் உண்மையிலேயே உயிர் காத்தவை. உணவுப் பொருள்கள் ‘சாப்’ பெட்டி எனப்பட்ட மரப்பெட்டிகளில் ஒவ்வொன்றும் ஒரு சுமை எடைக்கு வருமாறு அடுக்கப்பட்டன. ஒரே பெட்டியில் தேயிலை, சீனி, மாவு, பழப்பாகு, டப்பா இறைச்சி ஆகியவற்றை ஒரு வாரத் தேவைக்குக் கலந்து வைப்பதே அனுபவசாலிகளின் முறை. தேயிலை முழுவதும் ஒரு பெட்டியிலும் சீனி முழுவதும் மற்றொன்றிலும் இருந்தால், ஆற்றைக் கடக்கையில் ஒருவர் கால் வழுக்கினாலும் அணி முழுவதற்கும் சீனி இல்லாமல் போய்விடும்.

இந்த ஆயத்தக் கலை மிகப் பெரிய அளவில் வெளிப்பட்டது 1909இல் ஆகும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து அவ்வாண்டு மார்ச்சில் விலகிய தியோடர் ரூஸ்வெல்ட், அடுத்த சில வாரங்களிலேயே மகன் கெர்மிட்டுடன் கப்பலேறி ஏப்ரலில் மொம்பாசாவில் இறங்கினார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்காக விலங்குகளைச் சேகரிப்பது பயணத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம் என்பதால் மூன்று இயற்கையியலாளர்களும் உடன் சென்றனர். கப்பிட்டி சமவெளி ரயில் நிலையத்தில் அவருக்காக 200க்கும் மேற்பட்ட சுமையாளர்கள் காத்திருந்தனர். ஆங்கிலேய நண்பர்கள் பரிசளித்த ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் இரட்டைக் குழல் துப்பாக்கியும், ஸ்பிரிங்ஃபீல்டு, வின்செஸ்டர் துப்பாக்கிகளும் அவருடைய கைக்கருவிகள் என்பதை வேட்டை நூல்கள் அனைத்தும் குறிப்பிடுகின்றன. அவற்றைவிட வியப்புக்கு உரியவை இரண்டு பொதிகள். ஒன்று, ஏறத்தாழ 60 நூல்கள் கொண்ட அவருடைய பயண நூலகம். வியர்வை, இரத்தம், துப்பாக்கி எண்ணெய், புழுதி எதற்கும் ஈடுகொடுக்கும் என்பதனால் பன்றித்தோலில் கட்டமைக்கப்பட்டு, இலேசான அலுமினியப் பெட்டியில் வைக்கப்பட்ட அந்த நூலகத்தின் மொத்த எடை 60 ராத்தலுக்குச் சற்றே குறைவாக இருக்குமாறு, அதாவது ஒரே ஆள் சுமக்குமாறு அமைந்திருந்தது.

மற்றொன்று உப்பு. தோலைப் பாடம் செய்வதற்காக மட்டும் 4 டன் நயமான உப்பு கொண்டுசெல்லப்பட்டது. 60 ராத்தல் வீதம் பிரித்தால் அது ஏறத்தாழ 150 பொதிகள். அவ்வளவையும் ஒரே நேரத்தில் காட்டுக்குள் கொண்டுபோகவில்லை. ரயில்பாதையோரச் சேமிப்பிலிருந்து வேண்டும்போது வேண்டிய அளவு வரவழைக்கப்பட்டது. சுட்ட விலங்கின் தோலை அன்றே உரித்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் சுரண்டி, உட்புறம் முழுவதும் உப்பைத் தேய்த்து, நிழலில் உலர்த்த வேண்டும்; காதின் குருத்தெலும்பையும் உதட்டின் மடிப்பையும் பிரித்து அதற்குள்ளும் உப்பு ஏறச் செய்யாவிட்டால் மயிர் கற்றை கற்றையாக உதிர்ந்துவிடும். யானைத்தோல் அங்குலக் கணக்கில் தடித்தது என்பதனால், பலர் சேர்ந்து கத்திகளால் நாள்கணக்கில் சீவி மெலிதாக்கிய பிறகே அதில் உப்பு இறங்கும். கையில் வெட்டுக்காயம் உள்ள ஒருவருக்கு நாள் முழுவதும் உப்பில் கை வைத்துச் செய்யும் இந்த வேலை எத்தகையது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தந்தையும் மகனுமாகச் சுட்ட பெருவிலங்குகள் 512 என்று ரூஸ்வெல்ட்டே தம் நூலில் கணக்குத் தந்துள்ளார்.

சுமப்பவரின் உணவையும் யாரேனும் சுமந்தாக வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் கடினமான முடிச்சு. ‘போஷோ’ எனப்பட்ட மக்காச்சோள மாவு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரை ராத்தல் அளந்து கொடுக்கப்பட்டது. அவ்வாறாயின் ஒருவர் தூக்கும் 60 ராத்தல் மாவு 40 பேருக்கு ஒரு நாள் உணவாகும், 100 பேர் கொண்ட அணிக்கு இருபது நாள் உணவைக் கொண்டுசெல்ல வேறு 50 பேர் வேண்டும், அந்த 50 பேருக்கும் பசிக்கும். எனவே வேட்டைக்காரர் தம்முடைய பட்டியலில் கூட்டிய ஒவ்வொரு பொதியும் மாவுப் பொதிகளையும் கூட்டியது. மாவு கிடைக்கும் ஊர்களை ஒட்டியே பயணப்பாதை வளைந்து சென்றதற்கும், இறைச்சிக்காகவே பல மான்கள் சுடப்பட்டதற்கும் காரணம் இதுவே. சுமையாளருக்கு ஒரு கம்பளியாடையும் ஒரு போர்வையும் ஒரு தண்ணீர்க் குடுவையும் கொடுக்கப்பட்டன. மாதக்கூலி ஏறத்தாழ 10 ரூபாய். வேட்டைக்காரர் அரசுக்குக் கட்டிய உரிமக் கட்டணமோ 50 பவுன், அதாவது 750 ரூபாய்; ஒரு சுமையாளரின் ஆறு ஆண்டுக் கூலிக்கும் மேற்பட்ட தொகை அது.

முதல் உலகப் போர் இந்த முறையை அதன் கொடிய எல்லைக்குக் கொண்டு சென்றது. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் படைக்காக இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் பெரும்பாலும் கட்டாயத்தின்பேரில் சுமையாளர்களாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் நோயாலும் பசியாலும் களைப்பாலும் மடிந்தனர். ஆங்கிலத்தில் ‘கேரியர் கோர்’ எனப்பட்ட அந்தச் சுமைப்படையின் பெயரே திரிந்து நைரோபியில் ‘கரியோகோர்’ என்றும் தாருஸ்ஸலாமில் ‘கரியாக்கூ’ என்றும் ஊர்ப்பகுதிகளின் பெயராக இன்றும் வழங்குகிறது. கொல்லப்பட்ட விலங்குகளுக்கு அருங்காட்சியக அட்டைகளில் நாளும் இடமும் எழுதி வைக்கப்பட்ட அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சி, இறந்த இந்த மனிதர்களுள் மிகப் பலரின் பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை என்பது மறக்கத்தக்க செய்தி அன்று.

போருக்குப் பின் சாலைகளும் லாரிகளும் வந்தபோது பட்டியல் சுருங்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு, நடந்தது வேறு. ஒரு லாரி பல பத்துச் சுமையாளர்களின் பாரத்தை ஒரே நாளில் நூறு மைல் கொண்டு சென்றதனால், 1920களின் இறுதியில் டெனிஸ் ஃபிஞ்ச் ஹாட்டன் போன்ற தொழில்முறை வேட்டைத் துணைவர்கள் நடத்திய பயணங்களில் கிராமஃபோனும் மதுப்புட்டிகளும் உணவு மேசையும் சேர்ந்துகொண்டன. புதிய தேவைகளும் எழுந்தன. மழை பெய்த கரிசல் மண்ணில் சக்கரம் புதைந்தால் மீட்பதற்கு மண்வெட்டி, சங்கிலி, பலகை ஆகியவையும், பெட்ரோல் தகரங்களும் உதிரி வில்பட்டைகளும் இல்லாமல் எவரும் நைரோபியை விட்டுக் கிளம்பவில்லை. சமையற்காரரும் துப்பாக்கி ஏந்துவோரும் தோல் உரிப்போரும் லாரியின் மேல் ஏறிக்கொண்டனர். சுமையாளர் என்னும் தொழிலுக்கு வேட்டைப் பயணத்தில் இடம் இல்லாமற்போயிற்று.

1977 மே மாதத்தில் கென்யா அரசு வேட்டையை முற்றிலும் தடை செய்த பின்னர் வேட்டைப் பயணத் தொழிலின் பெரும்பகுதி தான்சானியா, நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நடைபெறுகிறது. இன்று முதன்முறையாகச் செல்லும் ஒருவர் முதலில் ஆயத்தம் செய்ய வேண்டியவை காகிதங்களே: துப்பாக்கியைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான அனுமதி, 1975இல் நடைமுறைக்கு வந்த அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் சிறுத்தை, யானை போன்றவற்றுக்கு வேண்டிய சான்றிதழ்கள், கால்நடை நோய் பரவாதிருக்கத் தோலையும் கொம்பையும் மருந்துநீரில் முக்கிப் பெட்டியில் அடைத்ததற்கான சான்று. இவை நிறைவேறி அந்தப் பெட்டி கப்பலிலோ விமானத்திலோ ஏறுவதற்குள் வேட்டைக்காரர் வீடு திரும்பிப் பல மாதங்கள் ஆகிவிடுவது வழக்கம்.