ஒளியும் ஒலியும்: அலுவலகத் தொலைபேசி இணைப்புப் பலகையும் பார்வையற்ற இயக்குநரும்

ஆய்வுச் சுருக்கம்

தொலைபேசி இணைப்பாளர் பணியின் வரலாறு பெரும்பாலும் பொது இணைப்பகங்களில் பணிபுரிந்த பெண்களின் வரலாறாகவும், தானியங்கிப் பொறியால் அவர்கள் பணியிழந்த வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. அலுவலகங்களின் உள்ளே இயங்கிய தனியார் இணைப்புப் பலகைக்கு வேறொரு வரலாறு உண்டு. அப்பலகையின் முன் அமர்ந்தவர்களுள் பார்வையற்றோர் குறிப்பிடத்தக்கவர். பலகை தன் செய்தியை எந்தப் புலனுக்கு அறிவித்தது என்பதே அவர்களது பணிவாய்ப்பைப் பெரிதும் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: இணைப்புப் பலகை, தொலைபேசி இயக்குநர், பிபிஎக்ஸ், கன்சோல், பார்வையற்றோர் பணிவாய்ப்பு, பிரெயில்

பொது இணைப்பகமும் அலுவலகப் பலகையும்

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878 ஜனவரி 28 அன்று முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் 21 சந்தாதாரர்களுடன் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பாஸ்டன் நகரில் எம்மா நட் என்பவர் இணைப்பாளராகப் பணியேற்றார். அதுவரை அப்பணியைச் செய்த சிறுவர்கள் வாடிக்கையாளர்களிடம் துடுக்காகப் பேசினர் என்பதே பெண்கள் அமர்த்தப்பட்டதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. குறைந்த ஊதியமும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடலாகாது. இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1882இல் இணைப்பகங்கள் நிறுவப்பட்டன. கல்கத்தா இணைப்பகம் திறக்கப்பட்டதும் ஜனவரி 28ஆம் நாளே என்பது தற்செயலான ஒற்றுமை.

கான்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் தானியங்கி இணைப்புப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அப்பொறி இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் முதல் தானியங்கி இணைப்பகம் 1913-14இல் சிம்லாவில் அமைந்தது. பொது இணைப்பகங்களில் மனிதக் கை படிப்படியாக விலகிய கதை இங்கிருந்து தொடங்குகிறது. அது பலராலும் எழுதப்பட்டது.

அலுவலகங்களின் நிலை வேறு. ஒரு வங்கிக்கோ மருத்துவமனைக்கோ அரசுத் துறைக்கோ வெளியிலிருந்து வரும் தடங்கள் சில; உள்ளே மேசைதோறும் இருக்கும் கருவிகள் பல. இச்சில தடங்களைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் தனியார் இணைப்புப் பலகையே பிபிஎக்ஸ் எனப்பட்டது. வெளியிலிருந்து அழைப்பவருக்கு அலுவலகத்தின் ஒரே எண் தெரியும். தமக்கு வேண்டிய அலுவலரின் உள்ளிணைப்பு எண் தெரியாது. பல வேளைகளில் வேண்டிய அலுவலர் யார் என்பதே தெரியாது. எண்களை இணைக்கவல்ல பொறியால் இக்குழப்பத்தைத் தீர்க்க இயலவில்லை. எனவே நகர இணைப்பகங்கள் தானியங்கியான பின்னரும், அலுவலகத்தின் உள்ளே ஒருவர் பல பத்தாண்டுகள் பலகையின் முன் அமர்ந்திருந்தார். தமிழ்நாட்டு அலுவலகங்களில் ‘ஆபரேட்டர்’ என்றே அழைக்கப்பட்ட அவரை இக்கட்டுரை இயக்குநர் எனக் குறிக்கிறது.

வடப் பலகையில் ஓர் அழைப்பு

பழைய வடப் பலகையின் செங்குத்தான முகப்பில் செருகுதுளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு வெளித்தடத்துக்கோ உள்ளிணைப்புக்கோ உரியது. கிடைமட்டப் பகுதியில் செருகிகள் பொருத்திய வடங்கள் இணை இணையாக நிற்கும். ஒவ்வோர் இணைக்கும் முன்னே ஒரு நெம்புசாவி இருக்கும். அழைப்பு வந்ததும் இயக்குநர் இணையின் ஒரு வடத்தை எடுத்து அழைக்கும் தடத்தின் துளையில் செருகுவார். சாவியைப் பேசும் நிலைக்குத் தள்ளி, நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். கேட்கப்பட்ட அலுவலரின் துளையில் மற்றொரு வடத்தைச் செருகி, சாவியை மணியடிக்கும் நிலைக்கு இழுப்பார். அலுவலர் எடுத்ததும் சாவியை நடுநிலைக்குக் கொண்டுவந்து உரையாடலிலிருந்து விலகுவார். பேச்சு முடிந்ததற்கான குறிப்புக் கிடைத்ததும் இரு வடங்களையும் உருவுவார். அவை எடையால் இழுக்கப்பட்டுத் தம் இடத்துக்குத் திரும்பும்.

இவ்வரிசையில் கண் எங்கே தேவைப்பட்டது என்னும் வினாவே இங்கு முதன்மையானது. தொடக்ககாலக் காந்தமின்னாக்கிப் பலகைகளில் அழைப்பவர் தம் கருவியின் கைப்பிடியைச் சுழற்றுவார். அம்மின்னோட்டம் பலகையில் ஒரு சிறு கொக்கியை விடுவிக்க, துளைக்கு மேலிருந்த உலோக மூடி ‘டக்’கென்று விழும். விழுந்த மூடியை இயக்குநர் கையால் நிமிர்த்தி வைக்க வேண்டும். அழைப்பு வந்தது என்பதைக் காது அறியும். எத்தடத்தில் வந்தது என்பதை விரல் தடவி அறியும். துளைகளின் இருப்பிடம் மாறுவதில்லை. ஒரு வாரப் பழக்கத்தில் கை அவற்றை மனப்பாடம் செய்துவிடும். ஒரே தடம் பல இடங்களில் துளை பெற்றிருந்த பெரிய பலகைகளில், தடம் வேறொருவரால் பயன்படுத்தப்படுகிறதா என்பதை அறியும் முறையும் காதுக்குரியதே. செருகியின் நுனியால் துளையின் விளிம்பைத் தொட்டால், தடம் பயன்பாட்டில் இருப்பின் காதணியில் ஒரு சொடுக்கொலி கேட்கும், இல்லையெனில் அமைதி.

ஆகவே மூடி விழும் பலகை, எவரும் திட்டமிடாமலேயே, பார்வையற்ற ஒருவர் ஏறத்தாழ முழுமையாக இயக்கக்கூடிய பொறியாக அமைந்திருந்தது. பார்வையற்றோருக்கெனத் தனியே செய்யப்பட்ட கருவிகள் பலவற்றுக்கு வாய்க்காத பேறு இது.

செயின்ட் டன்ஸ்டன்ஸ் முதல் டேராடூன் வரை

இவ்வாய்ப்பை அமைப்பு முறையில் பயன்படுத்தத் தூண்டியது முதல் உலகப் போர். லண்டனில் 1915இல் ஆர்தர் பியர்சன் நிறுவிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லம், போரில் பார்வையிழந்த வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி அளித்தது. பியர்சன் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கியவர். கண்ணழுத்த நோயால் பார்வை இழந்தவர். கோழி வளர்ப்பு, பாய் முடைதல், காலணி செப்பனிடுதல், தச்சு, உடற்பிடிப்பு மருத்துவம், பிரெயில் சுருக்கெழுத்து ஆகியவற்றுடன் தொலைபேசி இயக்கமும் அங்குக் கற்பிக்கப்பட்டது.

இப்பட்டியலில் தொலைபேசியின் இடம் தனித்தது. பாய் முடைவோர் தம் பொருளை இரக்கத்தால் வாங்குவோரை நம்பி வாழ நேரிடலாம். கோழி வளர்ப்போர் ஊர்ப்புறத்துக்கு ஒதுங்க வேண்டும். இயக்குநரோ நகரின் நடுவே, ஓர் அலுவலகத்தின் நடுவே, மற்ற ஊழியருக்கு இணையான மாத ஊதியத்தில் அமர்ந்தார். அழைப்பவர் எவருக்கும் அவர் பார்வையற்றவர் என்பது தெரிய வேண்டியதில்லை. பார்வையற்றோர் தொழில் வரலாற்றில் கைத்தொழிற்கூடத்திலிருந்து பொது அலுவலகத்துக்கு நிகழ்ந்த இந்நகர்வு உரிய கவனத்தைப் பெறவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காக 1943இல் டேராடூனில் அதே பெயரில் ஒரு விடுதி தொடங்கப்பட்டது. 1950இல் இந்திய அரசு அதனை ஏற்று, வயதுவந்த பார்வையற்றோர் பயிற்சி மையமாக்கியது. இன்றைய தேசியப் பார்வைக் குறையுடையோர் நிறுவனத்தின் வேர் இதுவே. இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெயில் முறையாகிய பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. தமிழ்ப் பிரெயில் அதன் அங்கம். பிற்காலத்தில் பார்வையற்றோர் பயிற்சி நிறுவனங்களில் தொலைபேசி இயக்கம் வழக்கமான பாடமாயிற்று. பலகையைக் கையாளும் முறை மட்டுமன்றி, உள்ளிணைப்பு எண்களைப் பிரெயில் ஏட்டில் குறித்து வைத்தல், வந்த செய்தியைச் சட்டகமும் எழுத்தூசியும் கொண்டு பதிதல் ஆகியனவும் இத்தொழிலுக்குத் தேவைப்பட்டன. எழுத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். காதணியால் விடுபட்ட கைகளில் ஒன்று சாவியில் இருக்க, மற்றது ஏட்டில் இருக்கும். எனினும் ஏட்டை நாடுவது புதியவரின் அடையாளம். தேர்ந்த இயக்குநர் எண்களை நினைவிலேயே வைத்திருப்பார். ஒருமுறை கேட்ட குரலை மறுமுறை பெயர் சொல்லி அழைப்பதும் இத்திறனின் பகுதியே.

விளக்குகளின் வருகை

மூடியை வென்றது விளக்கு. 1890களில் பொது மின்கல முறை பரவத் தொடங்கியதும் அழைப்பவர் கைப்பிடியைச் சுழற்றத் தேவையில்லாது போயிற்று. கேட்பானை எடுத்தாலே பலகையில் ஒரு சிறு விளக்கு எரியும். வடங்களுக்கும் விளக்குகள் வந்தன. அலுவலர் எடுத்ததும் வட விளக்கு அணையும், வைத்ததும் எரியும். பார்வையுள்ள இயக்குநருக்கு இது பெரும் எளிமை. விழுந்த மூடியை நிமிர்த்தும் வேலை இல்லை. பேச்சு முடிந்ததா என்று இடையே நுழைந்து கேட்க வேண்டியதில்லை. ஆனால் விளக்கு ஓசையின்றி எரிந்தது. காதுக்கும் விரலுக்கும் எட்டிய செய்தி அனைத்தும் கண்ணுக்கு மட்டும் உரியதாயிற்று.

அழைப்பு வந்ததை அறிவிக்கப் பொதுவான ‘பஸ்ஸர்’ ஒலி ஒன்று உண்டு என்று மறுக்கலாம். அழைப்பு வந்ததை அது கூறும். எங்கே வந்தது என்பதைக் கூறாது. இக்குறையை நிரப்ப இரு வழிகள் தோன்றின. ஒன்று, விளக்குக்குப் பதிலாகவோ அதனுடனோ தொட்டறியும் குறிகாட்டியைப் பொருத்துதல். மற்றொன்று, ஒளியுணர் கோல். பேனா வடிவிலான இக்கருவியின் நுனியில் ஒளிமின்கலம் இருக்கும். எரியும் விளக்கின் மேல் நுனி சென்றதும் ஒலி எழும். பத்து விளக்குகள் உள்ள பலகையில் இக்கோல் போதும். நூறு விளக்குகளை ஒவ்வொன்றாகத் துழாவும்போது அழைப்பவர் காத்திருக்க நேரிடும். அக்காத்திருப்பு பொறியின் குறையாக அல்லாமல் இயக்குநரின் குறையாகவே கணக்கில் வரும்.

வடங்களை அகற்றி, பொத்தான்களைக் கொண்டு மேசைமேல் அமர்ந்த கன்சோல் அடுத்த கட்டம். அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1963இல் மின்னணுக் கட்டுப்பாட்டிலான 101 இஎஸ்எஸ் என்னும் அலுவலக இணைப்பு முறையைச் சேவைக்குக் கொணர்ந்தது. 1975இல் ‘டைமென்ஷன்’ பிபிஎக்ஸ் வந்தது. இவ்வகைக் கருவிகளில் இயக்குநர் இணைப்பைத் தம் கையால் உண்டாக்குவதில்லை. உண்டாக்குமாறு பொறிக்கு ஆணையிடுகிறார். விடையளிக்க ஒரு பொத்தான், நிறுத்திவைக்க ஒன்று, விடுவிக்க ஒன்று. அலுவலர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தால் அழைப்பை அவர் வாயிலிலேயே காக்கவைக்கலாம். குறித்த நொடிகளுக்குள் எடுக்கப்படாத அழைப்பு தானே இயக்குநரிடம் திரும்பும். அலுவலகம் மூடிய பின் வரும் அழைப்புகளைக் காவலரின் கருவிக்குத் திருப்பிவிடலாம்.

பொத்தான்கள் குறைந்ததால் இது பார்வையற்றோருக்கு எளிதாயிருக்கும் என எண்ணத் தோன்றும். உண்மையில் இடம் பொருளை இழந்தது. வடப் பலகையில் ஒவ்வொரு தடத்துக்கும் நிலையான ஓர் இடம் உண்டு; கை அதை அறியும். கன்சோலிலோ ஒரே பொத்தானில் எந்த அழைப்பும் வரலாம். அது புதிய வெளியழைப்பா, உள்ளிருந்து வந்ததா, எடுக்கப்படாமல் திரும்பிய பழைய அழைப்பா என்பதைச் சிறு எழுத்துத் திரை மட்டுமே கூறியது. திரும்பிய அழைப்புக்குரியவரிடம் மீண்டும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் கூறுவது இயக்குநருக்கு இழுக்கு. ஏற்கெனவே காத்திருந்து சலித்தவர் அவர். பிற்கால அமெரிக்கக் கருவிகளில் பார்வைக் குறையுடைய இயக்குநருக்கெனத் தனி வசதி சேர்க்கப்பட்டது. கன்சோலின் நிலையையும் இறுதியாகத் திரையில் வந்த செய்தியையும் அது குரலில் சொல்லும். அவ்வசதி உண்டு என்பது ஒன்று. அதனை விலைகொடுத்து வாங்க அலுவலகம் ஒப்பியது என்பது வேறொன்று.

இந்தியச் சட்டமும் பணிப் பட்டியலும்

இந்தியாவில் இம்மாற்றம் 1980களில் விரைவு பெற்றது. 1984 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் தொடக்ககாலப் படைப்புகளுள் 128 முனை கொண்ட மின்னணு அலுவலக இணைப்பகமும் ஒன்று. ‘இபிஏபிஎக்ஸ்’ என்னும் சொல் இந்திய அலுவலகங்களில் வேரூன்றிய காலம் இது.

பார்வையற்றோருக்கு அரசுப் பணிக்கதவு திறந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். 1977இல் நடுவண் அரசு ‘சி’, ‘டி’ பிரிவுப் பணிகளில் பார்வையற்றோருக்கு 1 விழுக்காடு ஒதுக்கியது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மொத்தம் 3 விழுக்காட்டை உறுதிசெய்து, அதில் 1 விழுக்காட்டைப் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் வைத்தது. எனினும் அவ்வொதுக்கீடு ‘கண்டறியப்பட்ட’ பணியிடங்களோடு பிணைக்கப்பட்டது. எப்பணியைப் பார்வையற்றவர் செய்ய இயலும் என அதிகாரிகள் பட்டியலிட்டனர்; பட்டியலிடுவோரின் நினைவுக்கு எளிதில் வந்தவை தொலைபேசி இயக்கம், நாற்காலிப் பிரம்பு பின்னல், இசையாசிரியர் பணி முதலியன. செயின்ட் டன்ஸ்டன்ஸில் ஒரு வாயிலாக இருந்த தொலைபேசி, இங்கு வேலியாகவும் ஆயிற்று. பட்டம் பெற்ற பார்வையற்றோரும் அப்பலகையின் முன்னரே அமர்த்தப்பட்டனர். அப்பலகையோ சுருங்கிக்கொண்டிருந்தது.

2013 அக்டோபர் 8 அன்று தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒதுக்கீட்டைக் கண்டறியப்பட்ட பணியிடங்களை மட்டும் கொண்டு கணக்கிடலாகாது, பணித்தொகுதியின் மொத்தக் காலியிடங்களைக் கொண்டே கணக்கிட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. இவ்விரண்டும் வந்த காலத்தில், வெளியிலிருந்து அழைப்பவர் உள்ளிணைப்பை நேரடியாகச் சுழற்றும் முறையும், பதிவுசெய்த குரல் வழிகாட்டும் முறையும், அலுவலர்தம் கைப்பேசியும் இயக்குநரின் அழைப்புகளைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டிருந்தன.

கன்சோல் இன்று கணினித் திரையில் இயங்கும் மென்பொருளாகவும் கிடைக்கிறது. உரிய முறையில் வடிவமைக்கப்பட்டால் திரைவாசிப்பான் அதன் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டும். ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ போன்ற கட்டணமற்ற திரைவாசிப்பான்கள் தமிழிலும் பேசுகின்றன. அழைப்பு யாருடையது, எத்தடத்தில் வந்தது, எத்தனை நொடி காத்திருந்தது என்பன மீண்டும் காதுக்கு எட்டுகின்றன. இயக்குநர் இன்றும் இருக்கும் மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் அவரை வந்தடைவது, எண்களை அழுத்தித் தீர்க்க முடியாத அழைப்புகளே. எந்தப் பிரிவைக் கேட்பது என்று அறியாதவர், கோப்பு எண் மறந்தவர், பதிவுசெய்த குரலின் மொழி புரியாதவர் ஆகியோர் பூஜ்யத்தையோ ஒன்பதையோ அழுத்தி அவரிடம் வருகின்றனர்.