சூலக்கரையிலிருந்து சைக்கிளில் எந்த நாட்டுக்கு?

காலை ஆறு மணிக்கு சூலக்கரை பக்கம் நாலுவழிச்சாலையில் நின்றால், ஹெல்மெட்டும் கூலிங்கிளாசுமாக கியர் சைக்கிளில் போகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கலாம். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓட்டுகிறவர்களுக்கு நம்ம ஊர் வந்துவிட்டால் பாக்கி இருநூறு கிலோமீட்டர்தான். இவர்களைப் பார்த்துப் பார்த்து உள்ளூர் இளைஞர்கள் சிலருக்கும் ஆசை வந்துவிட்டது. "குற்றாலம், கொடைக்கானல்னு எத்தனை தடவை போறது? லீவு போட்டுட்டு வெளிநாட்டுல ஓட்டணும்ண்ணே, எந்த நாடு நல்லாருக்கும்?" என்று கேட்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் ஆளுக்கொரு பதில். வியட்நாம் என்கிறார் ஒருவர், ஜார்ஜியா என்கிறார் இன்னொருவர், நெதர்லாந்துதான் சைக்கிளுக்குச் சொர்க்கம் என்கிறார் மூன்றாமவர்.

நான் இதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சைக்கிளில் நாடு விட்டு நாடு போனவர்கள் கடந்த நூற்று முப்பது வருடங்களில் போகிற இடத்தை எப்படி முடிவு செய்தார்கள்? தேடித் தேடிப் படித்ததில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. எந்த இடம் அழகு என்பதைவிட, எந்த வாசல் அப்போது திறந்திருந்தது என்பதுதான் அவர்கள் பாதையைத் தீர்மானித்திருக்கிறது. அந்த வாசல்கள் எதுவும் ரொம்ப நாள் திறந்திருக்கவும் இல்லை.

ராத்தங்கல்தான் முதல் கணக்கு

சைக்கிளுக்கு முன்னால் மாட்டுவண்டியிலிருந்து தொடங்குவோம். விருதுபட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் 'பேட்டை' என்ற ஏற்பாட்டை வைத்திருந்தார்கள். வண்டியும் மாடும் சரக்கும் ராத்திரி பத்திரமாக இருப்பதற்கான, மதில் கட்டிய இடம் அது. வியாபாரிகள் கொடுக்கும் மகமைப் பணத்தில் அது நடந்தது. கள்ளர் பயம் இருந்த காலம். வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதை, பொழுது சாயும்போது எந்த ஊரில் பேட்டை இருக்கிறது என்பதுதான் சொல்லும். அதற்கும் முன்னால், 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு சத்திரமும் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் இருக்கிறது. சாலை மட்டும் இருந்தால் பயணம் நடக்காது, ராத்தங்க இடம் வேண்டும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பழைய பாடம்.

நாற்பது பஞ்சர்

இரண்டு சக்கரமும் ஒரே அளவுள்ள இன்றைய வடிவச் சைக்கிள் 1885-இல் இங்கிலாந்தில் வந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த பத்தே வருடத்தில் ஒரு அமெரிக்கத் தம்பதி இந்தியாவுக்குச் சைக்கிளோடு வந்துவிட்டார்கள். ஃபேனி புல்லக் வொர்க்மேன், வில்லியம் ஹண்டர் வொர்க்மேன். வரும்போது அந்த அம்மாவுக்கு வயது 38, கணவருக்கு 50. பணத்துக்குக் குறைவில்லாதவர்கள். அதற்கு முன்பே அல்ஜீரியாவிலும் ஸ்பெயினிலும் ஓட்டிப் புத்தகங்கள் எழுதியிருந்தார்கள். ஸ்பெயினில் மட்டும் 2,800 மைல்.

1897-இல் தொடங்கிய ஆசியப் பயணத்தில் இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று சுற்றினார்கள். இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை ஓட்டினார்கள். 1904-இல் வந்த அவர்களுடைய புத்தகத்தின் தலைப்பே 14,000 மைல் என்று பெருமை பேசுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் கஷ்டம் வேறு. ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். உடைமுள் காலில் ஏறிய அனுபவம் உள்ள நமக்கு இது ஆச்சரியமே இல்லை. கொசு, எலி, பல நாள் சாப்பாடில்லை.

இவர்கள் பாதையைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான் கிடைக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியே ஓட்டினார்கள். தங்க இடமில்லாத இரவுகளில் ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் படுத்தார்கள். பிரிட்டிஷ் அரசு அதிகாரிகளுக்காகவும் ஐரோப்பியப் பயணிகளுக்காகவும் வழிநெடுகக் கட்டிய பங்களாக்களின் கதவு இவர்களுக்குத் திறந்தது. நம்ம வணிகர்களுக்குப் பேட்டை எப்படியோ, அப்படி இவர்களுக்கு இந்த பங்களாக்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சி, இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி, ஜாவாவில் டச்சு ஆட்சி. தம்பதி தேர்ந்தெடுத்த இடங்களின் பட்டியலைப் பார்த்தால், வெள்ளைக்காரருக்குக் கதவு திறக்கிற இடங்களாகவே பெரும்பாலும் இருக்கின்றன.

நம்மவர்கள் கிளம்பியபோது

1923. விருதுபட்டி 'விருதுநகர்' என்று பெயர் மாறிய வருடம். கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிலைத் தொடங்கியதும் அதே வருடம்தான். அந்த அக்டோபர் 15-ஆம் தேதி பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர்தான் கடைசிவரை ஓட்டி, 1928 மார்ச் 18-இல் ஊர் திரும்பினார்கள். நாலரை வருடத்தில் சுமார் 71,000 கிலோமீட்டர். 1931-இல் அவர்கள் எழுதிய புத்தகத்துக்கு நேரு முன்னுரை கொடுத்தார்.

அவர்கள் முதலில் போன வெளிநாடு எது? பலுசிஸ்தான் வழியாகப் பாரசீகம். சாலை என்று சொல்ல முடியாத பாலைவனம். அப்படியிருந்தும் ஏன் அந்தப் பக்கம் என்றால், தரைவழியாக மேற்கே போக அதுதான் வழி. பம்பாயிலிருந்து பாரசீக எல்லை வரை ஒரே ஆட்சி என்பதால் நடுவில் எல்லைச் சோதனை கிடையாது. பார்சிகளுக்கு அது மூதாதையர் நாடு என்ற ஈர்ப்பும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்த இடத்தில் பாஸ்போர்ட் பற்றிச் சொல்ல வேண்டும். வொர்க்மேன் தம்பதி சுற்றிய காலத்தில் பல நாடுகளுக்குள் நுழையப் பாஸ்போர்ட்டே தேவைப்படவில்லை. முதல் உலகப் போர்தான் அதைப் பழக்கமாக்கியது. இந்தியாவில் 1920-இல் சட்டமே வந்தது. பிரிட்டிஷ் பிரஜை என்று காகிதத்தில் இருந்தாலும் எல்லாக் கதவும் இந்தியனுக்குத் திறக்காது என்பதை 1914-இலேயே பார்த்துவிட்டோம். கோமகட்டா மாரு கப்பலில் போன 376 பேரில் பெரும்பாலோரைக் கனடா வான்கூவரில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பியது. ஒன்பது வருடம் கழித்து இந்த இளைஞர்கள் சைக்கிளை எடுத்தார்கள் என்றால் அந்தத் துணிச்சலை நினைத்துப் பாருங்கள்.

இன்னொருவர் ராம்நாத் பிஸ்வாஸ். சில்ஹெட் மாவட்டத்துக்காரர், சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். 1931 ஜூலை 7-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்தே கிளம்பினார். மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் என்று போனார். சைக்கிளில் 'உலகம் சுற்றும் இந்துப் பயணி' என்று பலகை மாட்டியிருந்தார். கொண்டுபோன சாமான் இரண்டு சால்வை, ஒரு ஜோடி செருப்பு, ரிப்பேர் டப்பா. வழியனுப்பி வைத்தவர்கள் சிங்கப்பூர் இந்தியர்கள். இருக்கிற இடத்திலிருந்து தெரிந்தவர்களை நம்பிக் கிளம்புவது அவர் வழி. ஊருக்கு வந்து, பிறகு விமானம் பிடித்துப் போய் ஆரம்பிக்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

மூடிய பாதை

அயர்லாந்துக்காரர் டெர்வ்லா மர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளுக்குச் சைக்கிளும் உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தன. அந்த வயதிலேயே 'இந்தியாவுக்குச் சைக்கிளில் போவேன்' என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் நோயாளித் தாயைக் கவனிக்க வேண்டியிருந்தது. தாய் இறந்த பிறகு, 1963 ஜனவரியில்தான் கிளம்ப முடிந்தது. இடையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதிர்ஷ்டவசமாக ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பாதை அப்போதும் திறந்திருந்தது.

ஒடிசாவைச் சேர்ந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா 1977-இல் அதே பாதையில் எதிர்த்திசையில், டெல்லியிலிருந்து சுவீடனுக்குப் போனார். காதலியைப் பார்க்க. பழைய சைக்கிள், கையில் சொற்பப் பணம், வழியில் படம் வரைந்து கொடுத்துச் சாப்பாடு.

இரண்டு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பயணம் நடந்திருக்குமா என்பது சந்தேகமே. 1979-இல் ஈரானில் புரட்சி, அந்த டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. பம்பாய் இளைஞர்களும் மர்ஃபியும் மகாநந்தியாவும் ஓட்டிய வழி சாதாரணப் பயணிகளுக்கு அத்தோடு முடிந்தது. மலையும் பாலையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

நம்ம கடல் வாசல்

நமக்கு அருகில் இருக்கும் வெளிநாட்டுக்கு வருவோம். 1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை வந்தது. விருதுபட்டி, சாத்தூர் வழியாகப் போகிற அதே பாதைதான். அதில் தூத்துக்குடி போய்க் கப்பலேறினால் கொழும்பு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வந்தது. முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அது போயிற்று. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் மறுபடி ஓடியது, நவம்பரிலேயே நின்றது. 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கி, சில நாளில் பருவமழைக்காக நின்று, 2024 ஆகஸ்ட் 16-இல் மீண்டும் ஓடியது.

அக்கரையிலும் இதே கதைதான். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலை, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. போரில் வருடக்கணக்கில் மூடிக்கிடந்தது. 2002 பிப்ரவரியில் திறந்தார்கள். 2006 ஆகஸ்டில் மறுபடி மூடினார்கள். 2009-இல் போர் முடிந்த பிறகுதான் மக்கள் போக்குவரத்துக்கு மெல்ல மெல்லத் திறந்தது. 1990-களில் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் வராதபோது யாழ்ப்பாணத்தையே சைக்கிள்தான் சுமந்தது. மூட்டை, நோயாளி, இடம்பெயர்ந்த குடும்பத்தின் பாத்திரம் பண்டம் எல்லாம் கேரியரில். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளை நிறுத்திவைத்து பெடலை மிதித்து, டைனமோவில் ரேடியோ செய்தி கேட்டார்கள். நாம் உல்லாசமாக ஓட்டப் போகிற சாலையில் அவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போவது மரியாதை.

சரி, எந்த நாடு?

என்னைக் கேட்டால், முதல் தடவைக்கு இலங்கையின் வடக்கு. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கிளம்புகிற இடம் வீட்டு வாசல். சூலக்கரையிலிருந்து மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் சுமார் 300 கிலோமீட்டர். நிதானமாக நாலு நாள். உடம்பும் சைக்கிளும் தாங்குமா என்பது இங்கேயே தெரிந்துவிடும். தாங்காவிட்டால் பஸ் பிடித்துத் திரும்பிவிடலாம். இரண்டாவது, மொழி. பஞ்சர் கடையைத் தமிழில் விசாரிக்கலாம். அங்கே 'துவிச்சக்கர வண்டி' என்று பலகையில் எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம். மூன்றாவது, தரை. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள். அங்கிருந்து ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா வரை பெரிய ஏற்றமே இல்லை. வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் (நம்ம நிலக்கடலைதான்) வாங்கிக் கொறித்துக்கொண்டு போகலாம். வண்டிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு, லீவு. நம்ம பகுதியில் பட்டாசு ஆலைக்காரர்களுக்குச் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது தீபாவளி முடிந்த பிறகு. அப்போது வடகிழக்குப் பருவமழை. யாழ்ப்பாணத்திலும் அதே மழை, கடலும் சரியில்லை, கப்பலும் நிற்கும். அந்த நாட்களில்தான் லீவு என்றால் தாய்லாந்தின் வடக்கை யோசிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மழையில்லாத, குளிர்ந்த பருவம். ஆனால் விமானச் செலவு, சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைக்கும் வேலை எல்லாம் சேரும். தை பிறந்த பிறகு லீவு கிடைக்கும் என்றால் இலங்கைதான். பங்குனிப் பொங்கலுக்குள் திரும்பிவிட்டால் வெயிலும் தாங்கும்.

கிளம்பும் முன் மூன்று விஷயத்தைப் புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள்: கப்பல் அந்த வாரம் ஓடுகிறதா, சைக்கிளை ஏற்றுவார்களா, விசா விதி என்ன. போன வருட வீடியோவை நம்ப வேண்டாம், இவை மூன்றும் மாறிக்கொண்டே இருப்பவை. 2011-இல் 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று தூத்துக்குடிக் கப்பலைத் தள்ளிப் போட்டவர்களுக்கு அந்த அடுத்த வருஷத்தில் கப்பல் இல்லை.

நெதர்லாந்து எங்கேயும் போய்விடாது. நாகப்பட்டினத்துக் கப்பலைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் இந்தத் தை மாதத்துக்கே யோசியுங்கள்.